பன்னிரண்டு ஜோடி

வியாழன் காலை எட்டு மணிக்குச்
சிறை வாசலில் இருக்கவேண்டும்.
இன்று செவ்வாய்.
கயானியில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
சமையல் மேசையில் பழைய பேப்பர் விரித்து
பன்னிரண்டு ஜோடியையும் கொட்டினேன்.
ரிமோட் காரின் டயர்கள்,
ஒரு உள்ளங்கையில் இரண்டு அடங்கும்.

முதலில் கழுவல்.
வெதுவெதுப்பான நீர், தேய்ந்த பல்துலக்கி,
பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, மூன்றாவது வேண்டாம்.
தரையைப் பிடிக்கத் தடவிய எண்ணெய் போகாமல்
பையில் போட்டு மூடினால்
ரப்பர் உப்பிப்போகும்,
திறக்கும்போது ஊறிய ரொட்டி.

உள்ளே இருக்கும் நுரைவளையம்
தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு விடாது.
விளிம்பின் துளை கீழே பார்க்கும்படி
துணிக்கொடியில் கோத்துக் கட்டினேன்.
குளியலறை முழுக்கக் கறுப்புப் பழம்.

"வெயில் படாத இடம்" என்றேன் சகாரியிடம், போனில்.
அவன் வீட்டு நிலவறையில்தான் வைக்கப்போகிறேன்.
"வெயிலா? நவம்பரிலா?"
"நான் வெளியே வரும்போது ஜூலை.
ராத்திரியிலும் வெயில்."
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
"ஃப்ரீசர் பக்கத்தில் வைக்காதே,
மோட்டார் காற்றுக்கு ரப்பர் வெடிக்கும்" என்றேன்,
அந்த அமைதியை எதையாவது போட்டு அடைக்க.

காரை ஒரு மரக்கட்டைமேல் ஏற்றினேன்,
நாலு அச்சும் காற்றில்.
எட்டு மாதம் ஒரே இடத்தில் நின்றால்
தன் எடையே டயரைத் தட்டையாக்கும்.
பிறகு எவ்வளவு ஓட்டினாலும்
ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் தட்டும்,
தடக், தடக்.

ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு:
மிருது, பின்பக்கம், நாலு பந்தயம், பாதி உயிர்.
கடினம், முன்பக்கம், புதுசு.
மூடிய காகித ஆலையின் கம்பளத் தளத்தில்
மார்ச் மாதம் மூன்றாவதாக வந்தேனே,
அந்த ஜோடி. தடம் ஒன்றரை மில்லிமீட்டர்.
ஒன்றரை. அளந்து எழுதினேன்.

நீதிமன்றத்தில் கேட்டார்கள்,
உங்கள் காரின் குளிர்கால டயரில்
தடம் எவ்வளவு இருந்தது என்று.
தெரியாது என்றேன்.
ஆணிகள் எத்தனை மிச்சம்?
தெரியாது.
முந்தின இரவு குடித்தது எப்போது இறங்கும் என்று நினைத்தீர்கள்?
தூங்கி எழுந்தால் இறங்கிவிடும் என்றுதான்.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

முன்பெல்லாம் பேப்பர் நாலே முக்காலுக்கு வரும்.
மார்கெத்தா பனியில் உதைசறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள்,
முன்னால் பேப்பர் கட்டு, நெற்றியில் விளக்கு.
அந்த விளக்கை நான் பார்த்தேன்.
பார்த்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.
வரிசையைச் சரியாகச் சொல்கிறேன்,
வேறு எதையும் சரியாகச் செய்யவில்லை.

அவள் இடுப்பில் ஆறு திருகு.
வக்கீல் சொன்னபோது
என்ன அளவு என்று ஒரு நொடி யோசித்தேன்.
யோசித்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்ட்ராவை நுழைத்துப் பைகளின் காற்றை உறிஞ்சினேன்.
பிளாஸ்டிக் ஒட்டி இறுகியது, டயரின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது.
வாயெல்லாம் ரப்பரும் சோப்பும்.
பதினொன்று முடிந்தது.
கடைசி ஜோடி இன்னும் காயவில்லை,
அழுத்தினால் நுரைக்குள்ளிருந்து
ஒரு துளி வருகிறது.
ஈரத்தோடு மூடக்கூடாது.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ஐந்தரைக்குப் படியில் செருப்புச் சத்தம்,
புதுப் பையன், அவசரக்காரன், பாதி ஓட்டம்.
கதவுத் துளை வழியே பேப்பர்
கால்மிதிமேல் விழுந்தது.
நான் எழுந்து போகவில்லை.
குளியலறையில் ஏதோ ஒரு டயர்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.